பெடல் தரையைத் தொட்டதும் பிரேக் ஆயிலைத் தேடாதீர்கள்: கைவேலைப் பிரேக் இணைப்பில் பழுது பார்க்கும் முறை

கானாடுகாத்தான் பக்கம் எங்கள் தோப்புக்குள் ஓட்டுவதற்கென்று பழைய ஜீப் சேஸ் ஒன்றின் மேல் நானே ஒரு வண்டி கட்டினேன். எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில் ஜீப்பினுடையவை. பாடி, சீட், பெடல்கள் என் கைவேலை. அந்தக் கால ஜீப்பில் பிரேக் பெடல் தரைத் தகட்டைத் துளைத்துக்கொண்டு மேலே வரும், மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரும் தரைக்குக் கீழே சேஸோடு இருக்கும். ஐப்பசி மழையில் செம்மண் சேறு அந்த ஓட்டை வழியாகக் காலடிக்கே வந்துவிடுகிறது என்பதால் பெடலை மேலிருந்து தொங்கும்படி மாற்றினேன். மாஸ்டர் சிலிண்டரை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டேன். இரண்டையும் சேர்க்க 10 மில்லிமீட்டர் தடிப்பில் 600 மில்லிமீட்டர் நீளக் கம்பி ஒன்று, கீழே சேஸில் எல் வடிவ லீவர் ஒன்று, அங்கிருந்து மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரு சின்னப் புஷ் ராடு.

நாலு மாதம் ஓடியது. ஒரு நாள் ஊருணிக் கரைப் பக்கம் இறங்கும்போது மிதித்தேன், பெடல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரையில் போய் முட்டியது. வேகம் 20 கிலோமீட்டருக்குள் இருந்தது, ஹேண்ட் பிரேக் வேலை செய்தது, முன்னால் மண்மேடு இருந்தது. வண்டி நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி மகன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அன்றிலிருந்து இந்த இணைப்பை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் படித்தேன். கைவேலைப் பிரேக் வைத்திருக்கும் வேறு நாலு பேருடைய வண்டிகளுக்கும் போய்ப் படுத்துப் பார்த்தேன். எல்லாரும் செய்யும் தவறு ஒன்றுதான்: பெடல் சரியில்லை என்றதும் ஏர் எடுப்பது (ஆயில் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது), ஆயில் ஊற்றுவது, வீல் சிலிண்டரைப் பிரிப்பது. பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் இரும்பை யாரும் பார்ப்பதில்லை. ஆயிலை இரண்டு தனி லைனாகப் பிரித்து அனுப்பும் டேண்டம் மாஸ்டர் சிலிண்டர் போட்டிருந்தால் ஒரு பக்கம் லைன் உடைந்தாலும் இன்னொரு பக்கம் பிடிக்கும் என்று நம்பிக்கை இருக்கிறது, அது உண்மையும்கூட. ஆனால் அந்த இரண்டாகப் பிரிதல் மாஸ்டர் சிலிண்டருக்குள்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் உள்ள பின், கம்பி, வெல்டு எல்லாமே ஒற்றை. அதில் ஒன்று போனால் நாலு சக்கரமும் போயிற்று.

தொடங்கும் முன்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ முட்டுக் கொடுங்கள். கீழே படுக்க வேண்டியிருந்தால் ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். கார் கொட்டகையில் வழவழப்பான தரை என்றால் கட்டை வழுக்கும், வெளியே மண்தரைக்குக் கொண்டுவந்து விடுங்கள். ஆனால் ஸ்டாண்டுக்கு அடியில் கனமான பலகை இருக்க வேண்டும், செம்மண் ஈரமாக இருந்தால் ஸ்டாண்டு கால் புதையும்.

ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வில்லிஸ் வகை ஜீப்பில் அது சக்கரத்தில் பிடிப்பதில்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் இருக்கும் டிரம்மில் பிடிக்கும். ஒரேயடியாக வெடுக்கென்று இழுக்காமல் நிதானமாக இழுத்துப் பழகுங்கள்.

முதல் சோதனை: இரும்பா, ஆயிலா?

இந்தச் சோதனைக்கு ஸ்கேல், சாக்பீஸ், டார்ச், பெடலை மிதிக்க ஒரு ஆள் போதும். பெடல் மிதிக்கும் இடத்திலிருந்து அது சுழலும் அச்சு வரை அளந்துகொள்ளுங்கள். என் வண்டியில் 300 மில்லிமீட்டர். அச்சிலிருந்து கம்பி மாட்டியிருக்கும் பின் வரை 50. ஆக 6-க்கு 1. நடுவில் இருக்கும் லீவரின் இரண்டு கையும் ஒரே நீளம் என்றால் இந்தக் கணக்கு அப்படியே மாஸ்டர் சிலிண்டர் வரை போகும்.

இப்போது பெடலை மெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள். மிதி 60 மில்லிமீட்டர் போனால் மாஸ்டர் சிலிண்டரின் புஷ் ராடு 10 மில்லிமீட்டர் போக வேண்டும். முதலில் வரும் வெறும் ஆட்டத்தை, அதாவது ஃப்ரீ ப்ளேயைக் கழித்துவிட்டுத்தான் இந்தக் கணக்கு. புஷ் ராடு மேல் சாக்பீஸால் கோடு போட்டு அளவெடுங்கள். 10 வந்தால் இணைப்பு சரி, கோளாறு ஆயில் பக்கம். 6 தான் வந்தால் மீதி 4 மில்லிமீட்டர் வழியில் எங்கோ தொலைந்திருக்கிறது. காலடியில் அது 24 மில்லிமீட்டர்.

மிதித்தபடி ஒரு நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டருக்குள் கப் ரப்பர் விடுகிறது, அல்லது எங்கோ கசிகிறது. இரண்டு மூன்று முறை பம்ப் செய்ததும் பெடல் மேலே ஏறினால் ஏர் இருக்கலாம், அல்லது ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாக இருக்கலாம். எத்தனை முறை பம்ப் செய்தாலும் அதே இடத்தில் அதே ரப்பர் போன்ற துள்ளல் என்றால் இரும்பைப் பாருங்கள். நான் இந்த ஒரு சோதனையை முதலிலேயே செய்திருந்தால் மூன்று முறை வீணாக ஏர் எடுத்திருக்க மாட்டேன்.

பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரைக்குப் போகிறது

இதுதான் எனக்கு நடந்தது. ஆயில் டேங்கில் அளவு குறையாமல் இருந்து, எங்கும் ஈரம் இல்லாமல் இருந்தால் கிட்டத்தட்ட உறுதி: பெடலுக்கும் பிஸ்டனுக்கும் தொடர்பு அறுந்துவிட்டது.

முதலில் யோக் பின்களைப் பாருங்கள். யோக் என்பது கம்பியின் நுனியில் கவை போலப் பிரிந்து லீவரைக் கவ்வும் பாகம். அதில் போகும் பின்னின் தலை மேலேயும் ஸ்பிலிட் பின் கீழேயும் இருக்கும்படி போட வேண்டும். ஸ்பிலிட் பின் உடைந்து விழுந்தாலும் தலை தாங்கிப் பின் இறங்காமல் நிற்கும். அவசரத்துக்கு ஆணியையோ பைண்டிங் கம்பியையோ சொருகியிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஒருமுறை கழற்றிய ஸ்பிலிட் பின்னைத் திரும்பப் போடவும் கூடாது. அதன் கால்கள் இரண்டாவது முறை மடங்கும்போதே பாதி ஒடிந்திருக்கும்.

அடுத்து மாஸ்டர் சிலிண்டரின் வாய். புஷ் ராடின் உருண்டை முனை பிஸ்டனின் குழியில் சும்மா உட்கார்ந்திருக்கும் வகை உண்டு. தரைக்குக் கீழே இருக்கும் அமைப்பில், ராடு கொஞ்சம் குட்டையாகவோ ரிட்டன் ஸ்பிரிங் பெடலை அதிகமாகப் பின்னால் இழுக்கும்படியோ இருந்தால், ராடு குழியைவிட்டு வெளியே வந்து கீழே தொங்கிவிடும். அதைத் தடுக்கப் பெடலுக்குப் பின்பக்கம் ஒரு ஸ்டாப்பர் வேண்டும். பெடல் ஸ்டாப்பரைத் தொட்டு நிற்கும் நிலையிலும் ராடு குழிக்குள் இருக்க வேண்டும்.

என் வண்டியில் ஒடிந்தது நீளக் கம்பி. அதன் கீழ்முனையில் மரை வேண்டுமென்று ஒரு போல்ட்டின் தலையை வெட்டிக் கம்பியோடு முட்டவைத்து வெல்டிங் செய்திருந்தேன். அந்த வெல்டு ஒட்டிய இடத்தில் வெட்டினாற்போல் துண்டாகியிருந்தது. ஒடிந்த முகத்தைத் துடைக்காமல் அப்படியே காரைக்குடிக்கு எடுத்துப்போனேன், எனக்கு லேத் வேலை செய்து தரும் அண்ணனிடம் காட்டினேன். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, பாதிக்கு மேல துருப்பிடிச்சிருக்கு பாருங்க. இது ரொம்ப நாளா விரிஞ்சுக்கிட்டே வந்திருக்கு. மிச்சம் இருக்கிற இந்தப் பளபளப்பு மட்டுந்தான் அன்னைக்கு ஒடிஞ்சது” என்றார். “வெல்டு மேலாகத்தான் ஒட்டியிருக்கு, உள்ள இறங்கவே இல்ல. ஆனா வெல்டு மட்டும் காரணமில்ல. கம்பிய உருட்டிப் பாருங்க.”

சர்ஃபேஸ் தட்டில் உருட்டினோம். கம்பி வில்லாக வளைந்திருந்தது.

ஒடிந்த பாகம் எதுவானாலும் இப்படிப் பாருங்கள், துடைத்துவிடாதீர்கள். பழுப்பு நிறம் பழைய விரிசல், வெள்ளியாக மின்னும் சொரசொரப்பு புதிதாக ஒடிந்தது. முழுக்கப் புதிதாக இருந்தால் அளவுக்கு மீறிய ஒரே மிதியில் போயிருக்கிறது. பழையது பெரிதாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் ஏதோ ஒன்று அந்த இடத்தை வளைத்திருக்கிறது. வெறுமனே திரும்ப வெல்டிங் செய்தால் இன்னும் நாலு மாதத்தில் அதே இடத்தில் போகும்.

சரி, கம்பி ஏன் வளைந்தது? ஒரு தென்னங்குச்சியைத் தரையில் ஊன்றி மேலே அழுத்தினால் நடுவில் வளைகிறதே, அதேதான். தள்ளப்படும் மெல்லிய கம்பி நசுங்குவதற்கு முன்பே பக்கவாட்டில் வளைந்துவிடும். எந்த எடையில் வளையும் என்பதற்கு ஆய்லரின் சூத்திரம் இருக்கிறது. இரண்டு முனையிலும் பின் உள்ள, 10 மில்லிமீட்டர் தடிப்பும் 600 நீளமும் உள்ள இரும்புக் கம்பிக்கு அது சுமார் 274 கிலோ. 40 கிலோ அழுத்தத்தில் மிதித்தால் 6 மடங்காகி 240 கிலோ கம்பியில் வருகிறது. 46 கிலோ மிதித்தால் எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஆடு குறுக்கே வந்தால் யாரும் 46 கிலோவோடு நிறுத்துவதில்லை. ஒவ்வொரு பலமான மிதிக்கும் கம்பி வளைந்து நிமிர்ந்திருக்கிறது, அந்த ஆட்டம் வெல்டு முடியும் இடத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

நீளம் பாதியானால் தாங்கும் எடை 4 மடங்கு. அதே 600 நீளத்துக்குக் கம்பிக்குப் பதில் வெளிவிட்டம் 20, சுவர் 2.5 மில்லிமீட்டர் உள்ள இரும்புக் குழாய் போட்டால் 11 மடங்கு, அதாவது 3000 கிலோ அளவுக்குத் தாங்கும். எடை இரண்டு மடங்குகூட ஆகாது. குழாயின் இரண்டு முனையிலும் மரை வெட்டிய கட்டை ஒன்றை உள்ளே இறக்கி, சுற்றிலும் வெல்டிங் வைத்து, குழாயின் பக்கவாட்டில் துளையிட்டு அங்கேயும் ஒரு பிளக் வெல்டு வைக்க வேண்டும். முட்டுக்கு முட்டு ஒட்டுவது வேண்டவே வேண்டாம்.

இதைவிட நல்ல வழி கம்பியைத் தள்ளாமல் இழுப்பது. இழுக்கப்படும் கம்பி வளையாது. தொங்கும் பெடலில் மிதிக்கும் முனை முன்னால் போகும்போது, அச்சிலிருந்து நம் பக்கம் நீட்டியிருக்கும் கை கீழே போகும், எஞ்சின் பக்கம் நீட்டியிருக்கும் கை மேலே போகும். நான் நம் பக்கம் வைத்திருந்தேன், அதனால் தள்ளியது. இப்போது எஞ்சின் பக்கம் மாற்றிவிட்டேன். கீழே உள்ள லீவரையும் அதற்கேற்பத் திருப்பிப் போட வேண்டியிருந்தது, இரண்டு நாள் வேலை. செய்ய முடிகிறவர்கள் இதைச் செய்யுங்கள். நானோ இரண்டையும் செய்தேன்: இழுக்கும் அமைப்பு, அதிலும் குழாய்.

பெடல் நீளமாகப் போகிறது, துள்ளுகிறது, பம்ப் செய்தும் மாறவில்லை

எங்கோ ஒரு இரும்பு வளைந்து நிமிர்கிறது. ஒடிவதற்கு முந்தைய நிலை இதுதான் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. என் வண்டியும் ஒடிவதற்கு ஒரு மாதம் முன்பே இப்படித்தான் சொல்லியது, நான் ஏர் என்று நினைத்தேன்.

ஒரு ஆள் பலமாக மிதிக்க, இன்னொருவர் டார்ச்சோடு ஒவ்வொரு இடமாகப் பாருங்கள். பெரும்பாலும் பெடல் பிராக்கெட் மாட்டியிருக்கும் ஃபயர்வால் தகடுதான் (எஞ்சினுக்கும் காலடிக்கும் நடுவில் உள்ள தடுப்பு) குற்றவாளி. 1 மில்லிமீட்டர் தகட்டில் பிராக்கெட்டை நாலு போல்ட்டில் முடுக்கியிருந்தால், மிதிக்கும்போது தகடு தகர டப்பாவின் மூடி போல உள்ளே வெளியே போகும். விரலை வைத்தாலே தெரியும். தகட்டுக்குப் பின்னால் 5 அல்லது 6 மில்லிமீட்டர் பிளேட் கொடுத்து, பிராக்கெட்டின் மேல்முனையிலிருந்து டேஷின் குறுக்குக் குழாய்க்கு ஒரு சாய்வுக் கை கொடுங்கள். பிளேட்டை மட்டும் பெரிதாக்கினால் பாதிதான் சரியாகும், அந்தச் சாய்வுக் கைதான் உண்மையில் தாங்குகிறது.

அடுத்து பெடலின் கை. பொறியியல் மாணவர்கள் கட்டும் ஃபார்முலா எஸ்ஏஇ பந்தய வண்டிகளுக்கு, பிரேக் பெடல் 2000 நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ மிதியைத் தாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நம் வண்டிக்கும் அதையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். பயத்தில் மிதிக்கும் கால் எவ்வளவு அழுத்தும் என்பதை நாம் முடிவு செய்வதில்லை.

300 மில்லிமீட்டர் நீளப் பெடலில் 200 கிலோ மிதித்தால் அச்சுக்குப் பக்கத்தில் கை தாங்க வேண்டிய வளைவு விசை 60,000 கிலோ-மில்லிமீட்டர். பட்டையின் தடிப்பை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி 6-ஆல் வகுத்தால் அதன் பலம் கிடைக்கும். இங்கே அகலம் என்பது மிதிக்கும் திசையில் உள்ள அளவு. நான் முதலில் போட்டது 8-க்கு 25 பட்டை: பலம் 833. சாதாரண மைல்டு ஸ்டீல் சதுர மில்லிமீட்டருக்கு 25 கிலோ வாக்கில் நிரந்தரமாக வளையத் தொடங்கும். அதன்படி என் பெடல் 70 கிலோ மிதிக்கே வளையும். 12-க்கு 40 பட்டை என்றால் பலம் 3200, 200 கிலோ மிதியில் வரும் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 19 கிலோவுக்குள். இதைத்தான் இப்போது போட்டிருக்கிறேன். எந்தப் பட்டறையிலும் கிடைக்கும் சாதாரணப் பட்டைதான், விலையில் பெரிய வித்தியாசமும் இல்லை.

கட்டட வேலையில் மிஞ்சிய டிஎம்டி கம்பியில் பெடல் செய்வதை இரண்டு வண்டிகளில் பார்த்தேன். தயவுசெய்து வேண்டாம். அந்தக் கம்பியின் பலம் வெளித்தோலில் இருக்கிறது, சூடாக்கித் திடீரெனத் தண்ணீரில் குளிரவைத்து உண்டாக்கிய தோல் அது. வெல்டிங் சூட்டிலும் லேத்தில் கடைவதிலும் அது போய்விடும், உள்ளே இருப்பது மெத்தென்ற இரும்பு.

மூட்டுகளின் தேய்மானமும் இதில் சேரும். என் அமைப்பில் அச்சு, லீவர், மூன்று யோக் என்று ஐந்து மூட்டு. ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் ஆட்டம் என்றால் மொத்தம் 2.5, காலடியில் ஏறக்குறைய 15 மில்லிமீட்டர். நம் ஊர்ச் செம்மண் தூசி கிரீஸோடு சேர்ந்தால் சாணைப் பசை மாதிரி. இரும்புக்குள் இரும்பு சுழலவிடாமல் கன்மெட்டல் புஷ் போட்டு, கிரீஸ் நிப்பிள் வைத்து, வாரம் ஒருமுறை பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள்.

கல் மாதிரி இறுக்கம், ஆனால் வண்டி நிற்கவில்லை

மிதியின் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டர் இல்லாத வண்டியில் பெடல் விகிதம் 6-க்கு 1 வாக்கில் இருக்க வேண்டும். பூஸ்டரோடு வந்த காரின் பெடலை எடுத்து மாட்டியிருந்தால் அது 4-க்கு 1 வாக்கில் இருக்கும். அதே மிதிக்கு மூன்றில் இரண்டு பங்கு விசைதான் போய்ச் சேரும்.

மாஸ்டர் சிலிண்டரின் துவாரமும் கணக்கில் வரும். 240 கிலோ விசை முக்கால் அங்குலத் துவாரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 84 கிலோ அழுத்தம் தரும். 1 அங்குலத் துவாரத்தில் 47 தான். “பெரிய சிலிண்டர் நல்லாப் பிடிக்கும்” என்று சொல்லி விற்பார்கள். பெரிய சிலிண்டரில் பெடல் குறைவாகப் போகும், இறுக்கமாகவும் இருக்கும், பிடிப்புக் குறையும். சிறியதில் பெடல் நீளமாகப் போகும், பிடிப்புக் கூடும். சிறியதாக மாற்றும் முன் அது வீல் சிலிண்டர்கள் அனைத்துக்கும் போதுமான ஆயிலைத் தள்ளுமா என்று பாருங்கள், இல்லையென்றால் பெடல் தரையில் முட்டிவிடும்.

விகிதமும் துவாரமும் சரி என்றால் புஷ் ராடின் சாய்வைப் பாருங்கள். அது மாஸ்டர் சிலிண்டரின் நேர்கோட்டிலிருந்து 5 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் பிஸ்டனைப் பக்கவாட்டில் அழுத்தும், விசை உரசலில் போகும், சிலிண்டர் ஒரு பக்கமாகத் தேயும். மிதியின் நடுவாக்கில் ராடும் லீவர் கையும் செங்கோணத்தில் இருப்பது போல் வைத்தால் இரண்டு பக்கமும் சாய்வு குறையும்.

மிதிக்காமலே பிடிக்கிறது, டிரம் சுடுகிறது

கொஞ்ச தூரம் போனதும் வண்டி இழுக்க மறுக்கிறது, சக்கரத்துக்குப் பக்கத்தில் கை வைக்க முடியவில்லை, அரை மணி நேரம் நிழலில் நிறுத்தினால் சரியாகிவிடுகிறது. இது பெரும்பாலும் புஷ் ராடு நீளமாகப் போனதால் வருவது. பெடல் முழுக்க மேலே இருக்கும்போது ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் 1 முதல் 2 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். காலடியில் அது 6 முதல் 12 மில்லிமீட்டர் வெறும் ஆட்டமாகத் தெரியும். அந்த இடைவெளி இல்லையென்றால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது, டேங்குக்கு ஆயில் திரும்பும் சின்னத் துவாரம் மூடியே இருக்கும். சூட்டில் ஆயில் விரியும், போக வழியில்லாமல் ஷூவைத் தள்ளும், அதனால் இன்னும் சூடாகும். சித்திரை வெயிலில் இது சீக்கிரம் முற்றும், கடைசியில் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

பெடல் நீளமாகப் போகிறதே என்று ராடை நீட்டி “மேலே கொண்டுவருவது” இந்தக் கோளாறை நாமே வரவழைப்பது. பெடல் உயரத்தை ஸ்டாப்பரில் சரிசெய்யுங்கள், ராடில் இந்த 1 முதல் 2 மில்லிமீட்டரை மட்டும் சரிசெய்து லாக் நட்டை முடுக்குங்கள். பிரேக் லைட் ஸ்விட்ச்சையே ஸ்டாப்பராகப் பயன்படுத்தாதீர்கள்.

இடைவெளி சரியாக இருந்தும் பெடல் சோம்பலாகத் திரும்பினால் அச்சு துருப்பிடித்திருக்கும், அல்லது ரிட்டன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். கழற்றி, தேய்த்து, கிரீஸ் போடுங்கள். துருவை ஆராயும் சிக்ரி ஆராய்ச்சி நிலையம் 1953-லிருந்து காரைக்குடியிலேயே இருக்கிறது, நாம் நம் அச்சுக்கு ஒரு கோட் பிரைமர் அடிப்பதில்லை.

மேடு பள்ளத்தில் பெடல் உயரம் மாறுகிறது

இது கைவேலை வண்டிக்கே உரிய கோளாறு, கம்பெனி வண்டி மெக்கானிக்குகளுக்குச் சட்டென்று பிடிபடாது. பெடல் பாடியில், மாஸ்டர் சிலிண்டர் சேஸில். இரண்டுக்கும் நடுவில் ரப்பர் மவுண்டிங். வண்டி குலுங்கும்போது பாடி சேஸின் மேல் சில மில்லிமீட்டர் அசைகிறது, அந்த அசைவு ராடு வழியாக நேராகப் பிஸ்டனுக்குப் போகிறது. ஒரு பள்ளத்தில் தானே பிரேக் பிடிக்கும், இன்னொன்றில் பெடல் ஆழமாகப் போகும். நின்ற வண்டியில் எவ்வளவு சோதித்தாலும் தெரியாது. சீட்டில் ஒருவர் உட்கார, இரண்டு பேர் பாடியைப் பிடித்து ஆட்ட, புஷ் ராடைப் பாருங்கள்.

இதற்கு ஒரே தீர்வு: பெடல் அச்சு, லீவர், மாஸ்டர் சிலிண்டர் மூன்றையும் ஒரே இரும்பின் மேல் கொண்டுவருவது. நான் சேஸிலிருந்து ஒரு தூண் எழுப்பி அதில் பெடல் அச்சை வைத்தேன். ஃபயர்வால் அதைச் சுற்றி ஒரு ரப்பர் உறையோடு இருக்கிறது, எதையும் தாங்கவில்லை.

திரும்பச் செய்யும்போது

பெடல் அச்சை இரண்டு பக்கமும் தாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்த போல்ட் நாளடைவில் சாயும், பெடல் பக்கவாட்டில் ஆடும். போல்ட் 8.8 கிரேடு, அதன் வழவழப்பான தண்டுப் பகுதி புஷ்ஷுக்குள் இருக்க வேண்டும், மரை இருக்கக் கூடாது. நைலாக் நட், அல்லது கேசில் நட்டும் ஸ்பிலிட் பின்னும்.

வெல்டிங் உங்களுக்குக் கைவந்த கலை இல்லையென்றால் இந்த ஒரு வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கேட் கிரில் வெல்டிங் வேறு, பெடல் வெல்டிங் வேறு. 7018 வகை வெல்டிங் ராடு போடுவதாக இருந்தால் அது ஈரம் இழுக்காமல் சூட்டில் உலர்த்தியதாக இருக்க வேண்டும். ஓரங்களைச் சாய்வாகத் தேய்த்துவிட்டுத்தான் வெல்டிங், அப்போதுதான் உள்ளே இறங்கும். வெல்டிங் செய்யும் இடத்தைப் பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்துச் சுத்தம் செய்யாதீர்கள். குளோரின் கலந்த கிளீனர் வெல்டிங் சூட்டில் உயிரைக் குடிக்கும் வாயுவாக மாறும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

ஆறிய பிறகு டை பெனிட்ரன்ட் சோதனை செய்யுங்கள். சிவப்புச் சாயத்தை அடித்து, சில நிமிடம் ஊறவிட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் இருக்குமிடத்தில் சிவப்புக் கோடு கசிந்து வரும். அது வந்தால் பூச வேண்டாம், முழுக்கத் தேய்த்தெடுத்துவிட்டுத் திரும்பச் செய்யுங்கள்.

இன்னொன்று. என் வண்டி தோப்பைவிட்டு வெளியே போவதில்லை. பதிவு செய்த வண்டியை, தயாரித்தவர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி திருத்துவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. சாலையில் ஓடும் வண்டி என்றால் ஒரிஜினல் பெடல் அமைப்புக்கே திரும்புங்கள்.

ஓட்டிப் பார்க்கும் முன்

முதலில் நின்ற இடத்திலேயே. எஞ்சினை நிறுத்தி, முதுகைச் சீட்டில் கொடுத்து, இரண்டு காலாலும் முடிந்த மட்டும் மிதியுங்கள். பத்து முறை, ஒவ்வொன்றும் பத்து எண்ணும் வரை. கீழே ஒருவர் படுக்காமல் பக்கவாட்டிலிருந்து பார்க்கட்டும். பிறகு முதலில் போட்ட சாக்பீஸ் அளவை மறுபடியும் எடுங்கள். 60-க்கு 10 வரவில்லையென்றால் வண்டியை நகர்த்தவே வேண்டாம்.

அடுத்து முதல் கியரில் ஆளில்லாத நேர்ப்பாதை. நம் பக்கம் எங்கே பார்த்தாலும் சமதளம், மலையிறக்கம் கிடையாது. அதனால்தான் பிரேக்கின் குறை மாதக் கணக்கில் தெரியாமல் போகிறது. வேண்டுமென்றே பலமாக மிதித்து நிறுத்திப் பாருங்கள், கை ஹேண்ட் பிரேக்கில் இருக்கட்டும்.

ஒவ்வொரு நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே மஞ்சள் பெயின்டால் ஒரே கோடு இழுத்துவிடுங்கள். நட்டு அசைந்தால் கோடு உடையும். நான் 50 கிலோமீட்டர் ஓடியதும் பார்த்தேன், எல்லாம் நேராக இருந்தது. 200-ல் பார்த்தபோது கீழ் யோக்கின் லாக் நட்டில் மட்டும் கோடு கால் சுற்று விலகியிருந்தது. மரை தளர்வாக இருந்த அந்த நட்டை எடுத்துப்போட்டுவிட்டுப் புதிது போட்டேன், புதிதாகக் கோடு இழுத்தேன். இந்த வெள்ளிக்கிழமை கிரீஸ் அடிக்கும்போது பார்த்தேன், அப்படியே நேராக இருக்கிறது.